சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் எக்ஸ்பான்ஷன்கள்: மோட் போட்டு ஆடுகிறவர்கள் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

"ஏர்போர்ட்ஸ் எக்ஸ்பான்ஷனை நான் வாங்கவே இல்லை, என் டிராஃபிக் மோட் மட்டும் ஏன் செத்துப்போச்சு?" ஊர் கட்டி நடத்தும் கணினி கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸை மோட் (ஆடுகிறவர்களே எழுதிச் சேர்க்கும் கூடுதல் கோட்) போட்டு ஆடுகிற யாரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. பதில் எளிது. மோடை உடைப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதியான எக்ஸ்பான்ஷன் இல்லை. அது வெளிவருகிற அன்றைக்கு எல்லோருடைய கேமுக்கும் இலவசமாக வந்து இறங்கும் பேட்ச் என்ற திருத்தம். ஆஃப்டர் டார்க் 2015 செப்டம்பரில் வந்தபோது இரவு பகல் மாறும் வசதி வாங்காதவர்களுக்கும் கிடைத்தது. அன்று முதல் ஏற்பாடு இதுதான். புது எக்ஸ்பான்ஷனின் கோட் முழுவதும் உங்கள் மெஷினுக்கு வந்துவிடும், பூட்டு மட்டும்தான் தனி.

மெஷின் மெதுவாவது வேறு கதை. அதற்குக் காரணம் எக்ஸ்பான்ஷனை வாங்கியதும் இல்லை, இன்ஸ்டால் செய்ததும் இல்லை. அதில் வரும் வசதியை ஊருக்குள் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இந்த விமர்சனத்துக்கு அளவுகோலாக நம்ம பக்கத்து மேப்பையே எடுத்துக்கொள்வோம்: வடகிழக்கே கம்பம், நடுவில் கூடலூர், லோயர் கேம்ப், மலை ஏறினால் குமுளி. கேமின் முழு மேப் 17.28 கிலோமீட்டர் சதுரம். கம்பமும் குமுளியும் தேக்கடி ஏரியின் ஒரு ஓரமும் அதில் அடங்கிவிடும். பெரியாறு அணை வரை அடங்காது; ஆகவே நீர்மட்டம் 142 அடியா 152 அடியா என்ற வழக்கும் கேமுக்குள் வராது. உயர மேப்பை 1081க்கு 1081 பிக்சல், 16 பிட் கிரேஸ்கேல் படமாகக் கொடுக்க வேண்டும். கேம் தாங்கும் உயரம் 1024 மீட்டர். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏற்றம் சுமார் 500 மீட்டர்தான் என்பதால், மொத்த நிலத்தையும் 300 மீட்டர் கீழே இறக்கிக்கொண்டால் மலைக்கு மேலும் இடம் மிச்சமிருக்கும். ஏரியை மேப் எடிட்டரில் நீர் ஊற்று வைத்து நிரப்ப வேண்டும்; அது நிறையும் வரை எடிட்டரை ஓடவிட்டுவிட்டு டீ குடித்து வரலாம்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். கேம் முழு மேப்பை 81 கட்டமாகப் பிரிக்கிறது; சாதாரணமாக வாங்கவிடுவது 9 கட்டம். 25 கட்டம் திறந்தாலும் பக்கத்துக்கு 9.6 கிலோமீட்டர்தான். கம்பம் உள்ளே வந்தால் குமுளி வெளியே நிற்கும். இரண்டும் வேண்டுமென்றால் 81 கட்டத்தையும் திறக்கும் மோட் இல்லாமல் முடியாது. எக்ஸ்பான்ஷன் பேட்ச் வந்தால் முதலில் அடிவாங்கும் மோட்களில் அதுவும் ஒன்று.

பேட்ச் எப்படி மோடை உடைக்கிறது

இந்த கேமின் மோட் என்பது பெரும்பாலும் ஒரு டிஎல்எல் (கோட் அடங்கிய) கோப்பு. கேமின் சொந்த கோடில் உள்ள ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அல்லது ஹார்மனி என்ற பொது மோட் வழியாக அந்த ஃபங்ஷனுக்கு முன்னோ பின்னோ தன் கோடைச் செருகும். பேட்சில் அந்த ஃபங்ஷனின் பெயரோ, அது கேட்கும் விவரங்களின் எண்ணிக்கையோ மாறிவிட்டால் செருகல் நிற்காது. அப்போது திரையில் 'மிஸ்ஸிங் மெத்தட்' அல்லது 'மிஸ்ஸிங் ஃபீல்டு' என்று எரர் பெட்டி வரும். இந்த இரண்டு வார்த்தைகளில் ஒன்றைப் பார்த்தால் மோட் பழசு என்று முடிவு கட்டிவிடலாம். உங்கள் சேவ் (சேமித்து வைத்த ஊர்) மீது பழி இல்லை. 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. காணாமல் போன அசெட்டாகவும் (இறக்கிச் சேர்த்த கட்டடம் போன்றவை) இருக்கலாம், இரண்டு மோட்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

எந்த எக்ஸ்பான்ஷன் எந்த மோடை உடைக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2018 மே மாதம் வந்த பார்க்லைஃப், 'எல்லை வரைந்து அதற்குள் கட்டு' என்ற முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இண்டஸ்ட்ரீஸ், 2019இல் கேம்பஸ், 2022 ஜனவரியில் ஏர்போர்ட்ஸ், செப்டம்பரில் பிளாசாஸ் அண்ட் ப்ரொமனாட்ஸ் என்று எல்லாமே அந்த ஒரே அமைப்பின் மேல் மாடி மாடியாகக் கட்டியவை. ஆகவே மாவட்ட எல்லை, கட்டட வேலை, சரக்குப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தொடும் மோட்கள் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கண்டன. 81 கட்ட மோட் மின்சாரம், தண்ணீர், மாவட்டம் மூன்றின் அடிக் கட்டங்களையும் பெரிதாக்குகிறது. அது தப்புவது எப்படி? பழைய 81 டைல்ஸ் கைவிடப்பட்டு, 2022இல் 81 டைல்ஸ் 2 புதிதாக எழுதப்பட்டது. பழைய சேவை அது திறக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்து சப்ஸ்கிரைப் செய்து வைக்கக் கூடாது.

மாறாக, மூவ் இட் போல ஆள் இருந்து கவனிக்கும் மோட்கள் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். டிராஃபிக் மேனேஜர் பிரசிடென்ட் எடிஷனும் அப்படியே. கைவிடப்பட்டவைதான் தலைவலி. முக்கியமாக நெட்வொர்க் எக்ஸ்டென்ஷன்ஸ் 2. அதன் சாலைகள் சேவுக்குள் பதிந்திருக்கும். மோடை எடுத்தால் சாலையும் போய்விடும். குமுளி மலைச்சாலையை அதில் போட்டிருந்தால், மோட் வேலை செய்யும்போதே அப்கிரேட் கருவியால் ஒவ்வொரு துண்டையும் கேமின் சொந்தச் சாலையாக மாற்றிவிட்டு, வேறு பெயரில் சேவ் செய்து, அதற்குப் பிறகுதான் மோடை நீக்க வேண்டும். புதிதாக ஊர் தொடங்குகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

ஹார்மனி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில், 'திருத்திய ஹார்மனி' என்ற பெயரில் உலவிய ஒரு மோடும் அதே ஆள் போட்ட வேறு சிலவும் கேம் விற்கும் தளமான ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டன. பயனரைக் கேட்காமல் வெளியிலிருந்து கோடை இறக்கிக்கொள்ளும் வழி அவற்றில் இருந்ததே காரணம். ஹார்மனி 2.2 என்று தொடங்கும் அசல் ஒன்று போதும். பழைய யூடியூப் வீடியோ பார்த்து மோட் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

பேட்ச் வரும் வாரம்

ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் போய், அப்டேட்டை 'கேமைத் திறக்கும்போது மட்டும்' என்று மாற்றி வையுங்கள். மலைப்பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்களுக்கு டேட்டாவும் மிச்சம். ஆனால் இது முழுப் பாதுகாப்பு இல்லை. கேம் பழையதாகவே நின்றாலும் ஒர்க்‌ஷாப் (ஸ்டீமில் மோட் பகிரும் பகுதி) மோட்கள் தாமாகப் புதியதாகிவிடும். புது பேட்சுக்காகத் திருத்திய மோட் பழைய கேமில் ஓடாமல் போகும். எக்ஸ்பான்ஷன் தேதி அறிவித்த உடனே, ஸ்டீம் கோப்புறைக்குள் ஒர்க்‌ஷாப், கண்டென்ட், 255710 என்ற எண் கொண்ட ஃபோல்டரை வேறு டிரைவுக்கு காப்பி எடுத்து வைப்பது நல்லது. முக்கியமான சேவ்களையும் எடுங்கள்: பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், கொலோசல் ஆர்டர், சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், சேவ்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர்; விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்தால்தான் தெரியும்.

அப்டேட் ஆகிவிட்டது, ஊர் திறக்கவில்லை என்றால், முதலில் மோட் எதுவும் இல்லாமல் கேம் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் மைனஸ் குறியோடு நோஒர்க்‌ஷாப், இடம் விட்டு இன்னொரு மைனஸ் குறியோடு டிஸேபிள்மோட்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுத வேண்டும். புது வெற்று மேப் ஒன்று திறந்து ஓடினால் கேமில் குற்றமில்லை. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஹார்மனி, அடுத்து லோடிங் ஸ்கிரீன், அடுத்து டிராஃபிக் மேனேஜர் என்று அடிப்படை மோட்களை மட்டும் வைத்துப் பாருங்கள். மிச்சத்தைப் பாதி பாதியாகச் சேர்த்தால் 60 மோட் இருந்தாலும் ஆறேழு முறை திறந்து மூடினால் குற்றவாளி பிடிபடும். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று: கண்டென்ட் மேனேஜரில் ஒரு மோடை 'ஆஃப்' செய்தால் அது முழுதாக அணையாது. அதன் டிஎல்எல் கேமுக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனாலேயே சில நேரம் எரரும் தொடரும். அன்சப்ஸ்கிரைப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கைவ் என்ற கருவியில் 'எக்ஸ்குளூட்' செய்ய வேண்டும். ஸ்கைவ் இலவசம். எது உடைந்தது, எது எதோடு ஒத்துப்போகாது, எதற்கு மாற்று உண்டு என்று கேமைத் திறக்காமலே பட்டியல் தரும். எக்ஸ்பான்ஷன்களையும் அதிலேயே தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம். மோட் போட்டு ஆடுகிறவர்கள் முதலில் இறக்க வேண்டியது இதைத்தான்.

எரர் வந்து கேம் மூடிக்கொண்டால், கேம் ஃபோல்டரில் சிட்டீஸ் டேட்டா என்பதற்குள் அவுட்புட் லாக் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதில் 'எக்ஸப்ஷன்' என்று தேடி, முதலில் வருவதைப் பாருங்கள். கடைசியில் வருவது பெரும்பாலும் விளைவுதான். காரணம் மேலே இருக்கும்.

லேக் என்று சொல்வது எந்த லேக்?

இரண்டு வகை உண்டு. திரை திணறினால் அது எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பிரச்சினை. கிராபிக்ஸ் கார்டு, நிழல், தூரத்துக் காட்சி, மரங்கள் இவற்றைப் பார்க்க வேண்டும். திரை வழவழவென்று ஓடியும், மூன்று அம்பு வேகத்தில் வைத்தும் நாள் நகரவில்லை என்றால் அது சிமுலேஷன் பிரச்சினை. முழுக்க சிபியு வேலை. ஊரின் கணக்கு பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் (ஒற்றை வேலை வரிசையில்) ஓடுகிறது. வழி தேடும் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் தனியாகப் போகும். எட்டு கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேகம்தான் ஊரின் வேகம். புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் ஊர் மெதுவாகவே நகர்கிறது என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

கேமுக்குள் சில உச்சவரம்புகள் கல்லில் செதுக்கியது போல நிற்கின்றன. ஒரே நேரத்தில் ஓடும் வாகனங்கள் 16,384. தெருவில் நடமாடும் ஆட்கள் 65,536. கட்டடங்கள் 49,152. சாலைத் துண்டுகள் 36,864. எந்த எக்ஸ்பான்ஷன் வாங்கினாலும் இவை கூடாது. புது எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் இதே பங்கைத்தான் பிய்த்துக்கொள்கின்றன. வாகனம் என்றால் லாரியும் காரும் மட்டும் இல்லை. சைக்கிளும் ஒரு வாகனம். ரயிலின் ஒவ்வொரு பெட்டியும் ஒரு வாகனம். டிராமின் பின் பெட்டியும் அப்படியே. வாட்ச் இட் மோடில் இந்த எண்களைப் பார்க்கலாம். வாகனம் 16,000ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் குப்பை வண்டி கிளம்பாது, சவ வண்டி கிளம்பாது, கடையில் சரக்கு தீரும். ஆட்கள் சாலை சரியில்லை என்று நினைத்து நான்கு வழியை ஆறு வழியாக்குவார்கள். ஒன்றும் மாறாது.

இண்டஸ்ட்ரீஸை விரிவாகச் சொல்ல வேண்டியது இதனால்தான். எக்ஸ்பான்ஷன்களில் மிகச் சுவையானது அது, மிகப் பசி கொண்டதும் அதுவே. தோட்டத்தில் விளைவது ஒரு லாரியில் கிடங்குக்கு, கிடங்கிலிருந்து அரைக்கும் ஆலைக்கு, ஆலையிலிருந்து தனிப்பட்ட தொழிற்சாலைக்கு, அங்கிருந்து கடைக்கு என்று ஒரே பொருளுக்கு நான்கு பயணம். கம்பம் பள்ளத்தாக்கில் விவசாய ஏரியா போட்டு, ஆலையை குமுளியில் வைத்தீர்கள் என்றால் அத்தனை லாரியும் லோயர் கேம்ப் வளைவில்தான் ஏறி இறங்கும். யாருக்கு எந்தச் சரக்கு என்று முடிவு செய்யும் கேமின் கணக்கு, தூரத்தைப் போதிய அளவு மதிப்பதில்லை. கம்பத்துக் கிடங்கில் சரக்கு நிரம்பி வழிய, பக்கத்து ஆலைக்கு குமுளியிலிருந்து லாரி இறங்கும். நேரம் பார்த்து அந்த ஒரு மலைச்சாலையில் வரிசை கட்டும். ஒவ்வொரு லாரியும் சாலையில் இருக்கும் நேரம் கூடக்கூட, எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும்.

இதைச் சமாளிக்க சில வழிகள். ஆலையையும் விளைநிலத்தையும் ஒரே ஏரியாவுக்குள் வையுங்கள். மலையைத் தாண்ட வேண்டியது முடிந்த பொருள் மட்டும்தான். கிடங்கை 'பேலன்ஸ்டு' நிலையிலேயே விடாதீர்கள். ஆலைக்கு அருகில் உள்ளதை நிரப்பும் நிலையிலும், ஏற்றுமதி வாயிலில் உள்ளதைக் காலி செய்யும் நிலையிலும் வைத்தால் வெட்டிப் பயணம் குறையும். சரக்கு ரயில் நிலையம் இரு ஊரிலும் ஒவ்வொன்று போடுங்கள். பெட்டிக்குப் பெட்டி வாகனக் கணக்கில் வந்தாலும், ஒரு ரயில் சுமப்பதை லாரியில் ஏற்றினால் அதைவிட அதிக வண்டி பிடிக்கும். நிஜக் கம்பத்துக்கு ரயில் இன்னும் வரவில்லை, 2023இல் போடி வரைதான் வந்தது, கேமிலாவது போட்டுக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபர் மேனேஜர் சிஇ என்ற மோட் இந்தச் சரக்குப் பொருத்தத்தையே மாற்றி எழுதுகிறது. நன்றாக வேலை செய்யும். ஆனால் பேட்ச் வந்தால் முதலில் அணைக்க வேண்டிய மோட்களிலும் அது உண்டு.

வாகன உச்சவரம்பையே உயர்த்தும் மோடும் உண்டு. பரிந்துரை இல்லை. உச்சவரம்பு என்பது ஒரு வகையில் உங்கள் சிபியுவுக்கான வேகத்தடை; அதை எடுத்தால் ஊர் இன்னும் மெதுவாகும். அதோடு சேவ் அந்த மோடோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும், அடுத்த பேட்சில் மோட் உடைந்தால் ஊர் திறக்காது.

டிராஃபிக் மேனேஜரிலும் இதே விஷயம். லேன் அம்பு, சந்தி முன்னுரிமை, சிக்னல் நேரம் இவை பெரிய சுமை இல்லை. பார்க்கிங் ஏஐயும், மேம்பட்ட வாகன ஏஐயும் சிபியுவைத் தின்னும். 'மாட்டிக்கொண்ட வாகனங்களை மறையவிடாதே' என்ற தேர்வு இன்னும் மோசம். நெரிசலில் நிற்கும் வண்டி எல்லாம் கணக்கிலேயே நிற்கும். மக்கள்தொகை ஒரு லட்சம் தாண்டிய ஊரில் வேகம் குறைந்தால் இந்த மூன்றையும் முதலில் அணையுங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால் எக்ஸ்பான்ஷன் மேல் சந்தேகப்படலாம்.

மற்ற எக்ஸ்பான்ஷன்கள், சுருக்கமாக

மாஸ் டிரான்சிட் (2017) வாங்கத் தகுந்தது. மோனோரயில், படகு, கேபிள் கார் எல்லாம் கார்களைச் சாலையிலிருந்து இழுத்துவிடுவதால் மெஷினுக்கு உதவியாகவும் முடியும். குமுளி மேட்டுக்கு ஒரு கேபிள் கார் போட்டால் மலைச்சாலையில் கார் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பிளாசாஸ் அண்ட் ப்ரொமனாட்ஸும் இந்த வகைதான்: நடைவீதியில் கடைக்குக் கடை லாரி போகாமல் சர்வீஸ் பாயிண்டோடு நின்றுவிடும். கம்பம் வாரச்சந்தை மாதிரி நெருக்கமான கடைத்தெரு கட்டுகிறவர்களுக்கு அழகாக அமையும்.

பார்க்லைஃபும் ஹோட்டல்ஸ் அண்ட் ரிட்ரீட்ஸும் (2023) ஆட்களைத் தெருவுக்குக் கொண்டுவருபவை. தேக்கடி போன்ற சுற்றுலா ஊருக்கு அவை இல்லாமல் உயிர் வராது. ஆனால் 65,536 என்ற வரம்பில் பயணிகள் பங்கு கேட்பார்கள். அது நிரம்பினால் உள்ளூர்க்காரன் வேலைக்குக் கிளம்பாமல் வீட்டிலேயே இருப்பான். நடுத்தர ஊர் வரை கவலை வேண்டாம்.

ஏர்போர்ட்ஸ் பார்க்க நன்றாக இருக்கும், சிமுலேஷனுக்குப் பெரிய சுமையும் இல்லை. ஆனால் சமதளம் நிறைய வேண்டும். நம்ம மேப்பில் அதற்கு இடம் கம்பத்துக்குக் கிழக்கே மட்டும்தான். மலையடிவார மேப் ஆடுகிறவர்கள் தள்ளிப்போடலாம். ஸ்னோஃபால் குளிர்கால மேப்பில்தான் முழுப் பயன் தரும். பனி தள்ளும் வண்டி, சூடாக்கும் குழாய் என்று இடுக்கி மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாதவை. டிராமுக்காக மட்டும் வாங்கலாம். நேச்சுரல் டிசாஸ்டர்ஸை வாங்கினாலும் ஆப்ஷனில் பேரிடரை அணைத்துவிடலாம், அணைத்தால் வாங்கியதில் அர்த்தம் குறைவு. ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்ஸ் சின்னது, மெஷினுக்குத் தெரியவே தெரியாது. கேம்பஸும் சன்செட் ஹார்பரும் நடுவில். கண்டென்ட் கிரியேட்டர் பேக் எல்லாம் கட்டட அலங்காரம். மோடை எதுவும் செய்யாது, ரேமில் மட்டும் கொஞ்சம் இடம் பிடிக்கும். ரேடியோ பேக் அதுகூட இல்லை.

எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஸ்டீம் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிவிட்டு, தேவையில்லாததை அணைத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு எக்ஸ்பான்ஷனைப் பயன்படுத்திக் கட்டிய ஊரில் பிறகு அதை அணைத்தால் அதன் கட்டடங்கள் காணாமல் போகும். ஊர் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியது இது.

ரேம்

8 ஜிபி லேப்டாப்பில் எக்ஸ்பான்ஷன்கள் ஓடும். ஒர்க்‌ஷாப் அசெட்கள்தான் ஓடாது. சப்ஸ்கிரைப் செய்த ஒவ்வொரு கட்டடமும், நீங்கள் ஊரில் வைக்காவிட்டாலும், தொடக்கத்திலேயே ரேமில் ஏறுகிறது. 2048க்கு 2048 டெக்ஸ்சர் ஒன்று சுருக்காமல் 16 எம்பி. ஒரு கட்டடத்துக்கு இப்படி இரண்டு மூன்று. ஐந்நூறு அசெட் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். லோடிங் ஸ்கிரீன் மோட் ரிவிசிட்டடில் 'பயன்படுத்திய அசெட்களை மட்டும் ஏற்று' என்பதையும், டெக்ஸ்சர், மெட்டீரியல், மெஷ் மூன்றையும் பகிர்ந்துகொள்ளும் தேர்வையும் டிக் செய்தால் கணிசமாகக் குறையும். ஊர் திறந்ததும் அது எழுதும் அறிக்கையில் எந்த அசெட் இல்லாமல் தவிக்கிறது என்றும் இருக்கும்.

லேப்டாப்பில் இரண்டாவது ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடுவதுதான் இந்த கேமுக்குச் செய்யக்கூடிய நல்ல செலவு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரையும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. இரட்டைச் சேனலாகும்போது எஃப்பிஎஸ்ஸும் ஏறும். அதுவரை விண்டோஸின் விர்ச்சுவல் மெமரியை எஸ்எஸ்டியில் தொடக்கம் 16,000, உச்சம் 32,000 எம்பி என்று நீங்களே குறித்து வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ஊர் திறக்கும், ஆனால் கேமரா நகர்த்தும்போதெல்லாம் இழுக்கும்.

சித்திரை வெயிலில் சூடு இன்னொரு எதிரி. வி-சிங்க் ஆன் செய்து எஃப்பிஎஸ்ஸை 60க்கோ 30க்கோ கட்டிப்போட்டால் கிராபிக்ஸ் பகுதி குளிரும், அந்த மிச்சம் சிபியுவுக்குப் போகும், சிமுலேஷன் வேகம் கூடும். எஃப்பிஎஸ் பூஸ்டர் மோட் பெரும்பாலான மெஷினில் பலன் தருகிறது.

இரண்டாம் பாகத்துக்குத் தாவலாமா என்றால், 8 ஜிபி லேப்டாப்காரர்கள் வேண்டாம். 2023 அக்டோபரில் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 எல்லா கோரையும் பயன்படுத்துகிறது, ஆனால் கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே வேண்டும், பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3080. ஸ்டீம் ஒர்க்‌ஷாப் இல்லை, பாரடாக்ஸ் மோட்ஸ் மட்டும். முதல் அசெட் பேக்கான பீச் ப்ராப்பர்ட்டீஸ் 2024இல் விமர்சனம் தாங்காமல் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டது. பேட்ச் வந்தால் கோட் மோட் உடைவது அங்கேயும் அதேதான். முதல் பாகத்து மோடும் சேவும் அதில் திறக்காது.

மலைப்பக்கத்தில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: சேவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு பெரும்பாலும் கெட்டுவிடும். ஜூன், ஜூலை மழையில் இது அடிக்கடி நடக்கும். டெஸ்க்டாப் என்றால் சிறிய யூபிஎஸ் ஒன்று, சேவ் முடித்து மூடும் அளவுக்கு நேரம் தந்தால் போதும். ஆட்டோசேவ் 15 நிமிடத்துக்கு ஒரு முறை வைத்தால் பெரிய ஊரில் ஒவ்வொரு முறையும் சில நொடி உறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதோடு ஊரின் பெயரில் ஒன்று, இரண்டு என்று இரு சேவ்களை மாற்றி மாற்றி எழுதுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். லேப்டாப்பில் கரண்ட் போனால் பேட்டரி காப்பாற்றும், ஆனால் சிபியு வேகம் பாதியாக விழுந்து ஊர் நத்தையாக நகரும். மோடைச் சோதிக்கும் வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். லேக் மோடாலா பேட்டரியாலா என்று தெரியாது.